வெயில் இறைக்கும் கிணறு

நுழையும்முன்

நீர் இறைக்க மனிதன் முதலில் தன் தோள்வலிமையையும், பின்னர் மாடுகளின் வலிமையையும், அதன்பின் எண்ணெயையும் மின்சாரத்தையும் நாடினான். இன்று அவ்வேலையைக் கதிரவனிடம் ஒப்படைக்கத் தொடங்கியிருக்கிறோம். குமரி மாவட்டத்துத் தோட்டத்தையும் வீட்டையும் மனத்தில் கொண்டு இதனை ஆராய்கிறது இப்பாடம்.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக் கடலோரத்தைத் தாக்கியது. கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. கரையில் வாழையும் ரப்பரும் சாய்ந்தன. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் முறிந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மழையால் கிணறுகளில் நீர் பெருகியிருந்தும், அதனை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற வழியில்லாமல் மக்கள் தவித்தனர்.

‘வீட்டுக்கூரையில் சூரிய மின்தகடு இருந்திருந்தால் இத்துன்பம் நேர்ந்திராதே’ என நீங்கள் எண்ணலாம். அத்தகடு எவ்வாறு இணைக்கப்பட்டிருந்தது என்பதைப் பொறுத்தே அதற்கு விடை கூற இயலும்.

சிலிக்கானால் ஆன மின்தகட்டின் மீது ஒளி விழும்போது எலக்ட்ரான்கள் விடுபட்டு ஓடுவதால் நேர்த்திசை மின்னோட்டம் பிறக்கிறது. அதனை வீட்டுக்கு உகந்த மாறுதிசை மின்னோட்டமாக மாற்றுவது இன்வெர்ட்டர். பல வீடுகளில் இவ்வமைப்பு மின்வாரியத்தின் கம்பியோடு இணைக்கப்படுகிறது. பகலில் மிகும் மின்சாரம் வெளியே செல்கிறது. இரவில் தேவையானது உள்ளே வருகிறது. மின்கலம் வேண்டியதில்லை, ஆதலால் செலவும் குறைவு. ஆயினும் கம்பியில் மின்சாரம் நின்றவுடன் இன்வெர்ட்டரும் தானாகவே நின்றுவிடும். பழுதுபார்க்கக் கம்பத்தில் ஏறும் பணியாளரின் உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. எனவே புயல் ஓய்ந்து வெயில் அடித்தாலும் அவ்வீடு இருளில்தான் இருக்கும். அத்தகைய நாளில் விளக்கெரிய வேண்டுமாயின் மின்கலத்தோடு கூடிய அமைப்பு தேவை.

கிணற்றின் நிலை வேறு. வீட்டுக்கு வெளிச்சம் தேவைப்படுவது கதிரவன் மறைந்த பின்னர். பயிருக்கோ பகலிலேயே நீர் பாய்ச்சலாம். இரவுக்கென மின்சாரத்தைச் சேமிப்பதை விட, பகலில் நீரை இறைத்துத் தொட்டியில் நிரப்புவது எளிது. சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும் மின்கலத்தின் வேலையைச் செங்கல் தொட்டி செய்துவிடுகிறது! 10 மீட்டர் ஆழத்திலிருந்து 36,000 லிட்டர் நீரை மேலேற்றச் செய்யவேண்டிய வேலை ஏறத்தாழ 1 யூனிட். மோட்டாரிலும் குழாயிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் அது இருமடங்கோ சற்று மேலோ ஆகலாம். 1 கிலோவாட் திறனுள்ள மின்தகடுகள் நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 4 யூனிட் தரும். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 5 கிலோவாட் அளவுக்குத் தகடுகள் வேண்டும்.

நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய்கள் வழியே வருகிறது. தென்னைக்கும் வாழைக்கும் வீட்டுக்கும் கிணறே பெரும்பாலும் துணை. இங்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்கின்றன. வானம் மூடியிருக்கும் அம்மாதங்களில் தகடு தரும் மின்சாரம் குறையும். கிணற்றுநீரின் தேவையும் அப்போது குறைவே. மாசி முதல் சித்திரை வரை தோப்பு வாடும்போது வெயிலும் கடுமையாக இருக்கும்.

ஆனால் தென்னை மரமே இங்கு ஓர் இடையூறு. தகட்டிலுள்ள சிலிக்கான் செல்கள் தொடராக இணைக்கப்பட்டவை. வாய்க்காலின் நடுவே ஏற்படும் அடைப்பு கடைமடைக்குச் செல்லும் நீரைக் குறைப்பதுபோல, ஓர் ஓலையின் நிழலும் அவ்வரிசை முழுவதன் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். எனவே தோப்பின் நடுவில் கிணறு இருப்பினும், தகடுகளைத் திறந்த வெளியில் தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்து நிறுவவேண்டும். கடலோரமாயின் உப்புக்காற்றில் துருப்பிடிக்காத சட்டங்களும் தேவை.

இனி, எளிதில் கண்ணுக்குப் புலப்படாத ஓர் இடர்ப்பாட்டைக் காண்போம். எண்ணெய் எந்திரத்தில் ஒவ்வொரு மணிநேர இறைப்புக்கும் செலவு உண்டு. தகட்டுக்கு முதலீடு மட்டுமே. அதன்பின் வெயிலுக்கு விலையில்லை. விலையில்லாத மோட்டாரை நிறுத்த யாருக்கு மனம் வரும்? கடலோரக் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைத்தால் நன்னீர் மட்டம் தாழ்ந்து, கடல்நீர் நிலத்தடியில் உள்நோக்கி நகரும். ஒருமுறை உவர்ந்த கிணறு மீண்டும் நன்னீராக நெடுங்காலம் ஆகும். மின்தகட்டை வரவேற்போர் இதனைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

குசராத்து மாநிலம் கேடா மாவட்டத்திலுள்ள துண்டி என்னும் சிற்றூரின் உழவர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். சூரிய ஆற்றலால் நீர் இறைப்போர் கூட்டுறவு அமைத்து, பாசனத்துக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை 2016 முதல் மின்வழங்கல் நிறுவனத்துக்கு விற்றனர். தேவையின்றி நீர் இறைத்தால் அன்றைய வருவாய் குறையும் என்பதால், மோட்டாரை நிறுத்துவது அவர்களுக்கு ஆதாயமாயிற்று. மின்கம்பி எட்டாத தோட்டங்களுக்கும் வழியுண்டு. மோட்டார் ஓடாத வேளையில் அதே தகடுகளைக் கொண்டு மாவு அரைக்கும் எந்திரத்தையும் தீவனம் வெட்டும் எந்திரத்தையும் இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. தொட்டி நிறைந்ததும் கிணற்றின் மோட்டார் ஓய்வெடுக்கும். அவ்வெயில் வீட்டு வேலைக்குச் செல்லும்.