மல்லாட்டைச் செடியிலிருந்து தொடங்கு

அன்புள்ள கயலுக்கு,

அத்தை எழுதுகிறேன். தாவரவியலில் முதல் பாடத்திலேயே இத்தனை பிரிவுகளின் பெயர்கள் வருகின்றன, எதற்கு இவ்வளவு என்று கேட்டிருந்தாய். அந்தப் பெயர்களை உருப்போடாதே. ஒரு பயிரின் முன்னால் உட்கார்ந்து, உனக்குத் தோன்றுவதையெல்லாம் கேட்டுக்கொண்டே போ. ஒவ்வொரு கேள்வியும் உன்னை ஒரு பிரிவில் கொண்டுபோய் விடும்.

மார்கழிப் பட்டத்தில் உங்கள் வயலில் விதைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, இப்போது பூவெடுத்திருக்கும். அதையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் பூ மேலே இருக்கிறது, காய் மண்ணுக்குள் காய்க்கிறது. இது எப்படி நடக்கிறது? பூ கருவுற்று வாடியதும், சூற்பையின் அடிப்பகுதி ஒரு காம்பாக நீள்கிறது. நுனியில் கருவைச் சுமந்தபடி கீழ்நோக்கி வளர்ந்து மண்ணில் இறங்குகிறது. உன் அப்பா "விழுது இறங்குது" என்பது இதைத்தான். மண்ணுக்குள் இருட்டில் போன பிறகே அந்த நுனி காயாகத் திரள்கிறது. ஆகவே மல்லாட்டை வேரில் காய்ப்பதில்லை, பூவிலிருந்துதான் காய்க்கிறது. இப்படி வேர் எது, விழுது எது என்று வெளித்தோற்றத்தைக் கொண்டு பிரித்தறிவது புற அமைப்பியல். அதையே மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளமைப்பியல்.

அடுத்த கேள்வி: விதைத்து 40, 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறார்களே, ஏன்? ஜிப்சம் தருவது சுண்ணாம்புச் சத்து. வேர் உறிஞ்சும் அந்தச் சத்து நீரோடு சேர்ந்து இலைக்குப் போகிறது. இலையிலிருந்து நீர் ஆவியாகிறது. அந்த இழுப்பில் சத்தும் மேலே ஏறுகிறது. மண்ணுக்குள் கிடக்கும் காயிலிருந்து நீர் ஆவியாவதில்லை, அதனால் வேர் எடுத்த சத்து அங்கே அதிகம் வந்து சேர்வதில்லை. காய் தனக்கு வேண்டியதைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மேல்மண்ணில் அது இல்லாவிட்டால் ஓடு பெரிதாக இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது, பொக்கு. மண் அணைப்பதால் உயரத்திலிருந்து வரும் விழுதுக்கும் இறங்க இடம் கிடைக்கிறது. தாவரம் எப்படி இயங்குகிறது என்று ஆராயும் இந்தத் துறைக்குத் தாவரச் செயலியல் என்று பெயர். ஒரு மூட்டை ஜிப்சத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார். சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறு. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அதில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள். இது நுண்ணுயிரியல். இலையில் டிக்கா புள்ளி விழுந்தால், அது எந்தப் பூஞ்சையால் வருகிறது என்று தேடுவது நோயியல்.

இனி வகைப்படுத்தல். இதில்தான் மாணவர்கள் குழம்புகிறார்கள். தாவரவியலார் பூவையும் காயையும் பார்த்துக் குடும்பம் பிரிக்கிறார்கள். உழவர்கள் பயனைப் பார்த்துப் பிரிக்கிறார்கள்: தானியம், சிறுதானியம், பயறு, எண்ணெய் வித்து, நார்ப்பயிர், சர்க்கரைப் பயிர், தீவனம், பசுந்தாள் உரம். காய், கனி, பூ, நறுமணப் பயிர், தேயிலை காப்பி போன்ற மலைப்பயிர் எல்லாம் தோட்டக்கலைக்குள் வரும். மல்லாட்டை குடும்பத்தால் துவரை, உளுந்து, சணப்பு, அகத்தி ஆகியவற்றின் உறவு. பயனால் எள், ஆமணக்கு, சூரியகாந்தியோடு எண்ணெய் வித்து. அந்த மூன்றும் மூன்று வேறு குடும்பங்கள். நெல், கம்பு, கேழ்வரகு, கரும்பு, மூங்கில் எல்லாமே புல் குடும்பம்.

இரண்டு முறையும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. சந்தைக்கும் பட்டத்துக்கும் உழவரின் வகை போதும். பயிரைக் காப்பாற்ற அது போதாது. பருத்தியும் வெண்டையும் சந்தையில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, ஆனால் ஒரே குடும்பம். புள்ளிக் காய்ப்புழு இரண்டையும் துளைக்கும். கத்தரி வாடல் நோயில் போன மண்ணில் அடுத்துத் தக்காளியை நட்டால் அதுவும் வாடக்கூடும், ஏனென்றால் இரண்டும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். பயிர்ச் சுழற்சி செய்கிறவர் குடும்பம் தெரிந்து செய்தால் நோயைக் குறைக்கலாம்.

மரபியலுக்கு மட்டும் கரும்பைச் சொல்கிறேன், ஏனென்றால் அது நம் கோயம்புத்தூரில் நடந்த கதை. 1912-இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். சாறு மிகுந்த தடித்த கரும்பு வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை. நாணல் இனத்துக் காட்டுக்கரும்புக்கோ தாங்கும் சக்தி உண்டு, இனிப்பு இல்லை. அங்கே ஆய்வு செய்த பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் இரண்டையும் கலந்து உண்டாக்கிய கோ 205 ரகம் 1918-இல் வெளிவந்தது. களையென்று நாம் ஒதுக்கும் புல்லிலிருந்து வந்த ரகம் அது! 1930-களில் அதே நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர் தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள். பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து, மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து 1945-இல் அவர் வெளியிட்ட நூல் உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் கையில் இருந்தது. பெண்கள் கல்லூரிக்குப் போவதே அரிதாக இருந்த காலத்தில் படித்து மேலே வந்தவர் என்பதையும் உனக்குச் சொல்லத்தான் வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய். ஒரு வெண்டைப் பூவையும் ஒரு பருத்திப் பூவையும் பறித்து, இதழ் இதழாகப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரை. நடுவில் மகரந்தத் தாள்கள் எப்படிக் குழலாக ஒட்டியிருக்கின்றன என்று கவனி. புத்தகத்தைப் பிறகு திற. படத்தை எனக்கு அனுப்பி வை, உன் கேள்விகளையும் எழுது.

அன்புடன்,
அத்தை