வேரடி உலகம்

வடசென்னையில், திருவொற்றியூரை அடுத்த மணலியில் 1971ஆம் ஆண்டு முதல் யூரியா உற்பத்தி செய்துவருகிறது மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் நிறுவனம். எண்ணூரில் கப்பல்வழி வந்திறங்கும் இயற்கை எரிவாயு 2019 முதல் அதன் மூலப்பொருளாக உள்ளது. அதே நிறுவனம் உயிர் உரங்களையும் தயாரிக்கிறது. யூரியா மூட்டையில் இருப்பது வேதிப்பொருள். உயிர் உரப் பொட்டலத்தில் இருப்பவையோ கோடிக்கணக்கான உயிர்கள். மழை பொய்க்கும் பருவத்தில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். ஈரமற்ற மண்ணில் இட்ட யூரியா கரைந்து வேரைச் சென்றடைய வழியில்லை. நுண்ணுயிர்களோ வறட்சியை உணர்ந்து, அதற்கேற்பத் தம் வாழ்வை மாற்றிக்கொள்கின்றன.

ஈரம் குறையும்போது மண் துகள்களைச் சூழ்ந்துள்ள நீர்ப்படலம் மெலிகிறது. பாக்டீரியாக்கள் நீந்திச் செல்லும் வழிகள் அடைபடுகின்றன. அவற்றுள் சில, பசைபோன்ற சர்க்கரைப் பொருளைச் சுரந்து தம்மைச் சுற்றி ஈரத்தைத் தேக்கிக்கொள்கின்றன. கம்புப் பயிரைப் பிடுங்கினால் வேரோடு உறைபோல ஒட்டிவரும் மண்ணைக் காணலாம்; அவ்வுறை அமைவதில் இப்பசைக்கும் பங்குண்டு. வேர்த்தூவி நுழைய இயலாத நுண்துளைகளில் வேர்ப்பூசண இழைகள் புகுந்து நீரையும் மணிச்சத்தையும் கொணர்கின்றன. வாடும் பயிரில் எத்திலீன் மிகுந்து வேர் வளர்ச்சி தடைபடும். சில பாக்டீரியாக்கள் அந்த எத்திலீனுக்கு மூலமான பொருளையே உணவாகக் கொண்டு அத்தடையைத் தளர்த்துகின்றன.

வேரும் வாளாவிருப்பதில்லை. கலிபோர்னியாவில் சோளப் பயிரில் நிகழ்த்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, வறட்சியின்போது வேர் சுரக்கும் பொருள்கள் மாறுவதையும், தடித்த செல்சுவர் கொண்ட ஆக்டினோபாக்டீரியாக்கள் வேரில் பெருகுவதையும் காட்டியது. நீர் பாய்ச்சியதும் சில நாள்களில் பழைய கூட்டம் திரும்பியது. நெல்லில் நிலைமை வேறு. நெடுநாள் வறட்சிக்கு உள்ளான நெல்வேரினுள் பெருகிய ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனம், நீர் பாய்ச்சிய பின்னும் நீங்காது தங்கியதென 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது. முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான இனமும் இதுவே! நீரில் நின்று பழகிய நெல்லின் வேர், ஒருமுறை பட்ட வாட்டத்தின் சுவட்டை எளிதில் இழப்பதில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், வறட்சிக் காலத்தில் மெத்திலோபாக்டீரியத்தை இலைமேல் தெளிக்கப் பரிந்துரைக்கிறது. இளஞ்சிவப்பு நிறமுடைய இப்பாக்டீரியாக்கள், இலைத்துளைகள் வழியே கசியும் மெத்தனாலை உண்டு வாழ்பவை. பயிருக்கு வேண்டிய வளர்ச்சி ஊக்கிகளையும் தருபவை.

எனினும், இவை மழைக்கு மாற்றென விளம்பரம் செய்வோரை நம்புதல் தகாது. இரு மழைகளுக்கு இடையே பயிர் தாங்கும் காலத்தைச் சற்று நீட்டிக்க இவை துணைபுரியலாம், அவ்வளவே. முற்றும் காய்ந்த மண்ணில் இட்டால் பொட்டலத்து உயிர்களும் மடியும். எனவே, அசோஸ்பைரில்லத்தை ஆறிய வடிகஞ்சியில் குழைத்து, விதைகளின்மீது பூசி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி விதைப்பர். யூரியாவுடன் கலத்தல் ஆகாது. வெயில் படும் இடத்தில் வைத்தலும் ஆகாது. வாங்கும்போதே உறையில் அச்சிட்டுள்ள காலாவதி நாளைப் பார்த்தல் வேண்டும்.