காசும் கடிகாரமும் தமிழில்: ஒரு வீட்டுப் பாடம்

தில்லியில் வளரும் நம் குழந்தைகள் மேடையேறித் தமிழ்ப் பாட்டை அழகாக ஒப்பிக்கிறார்கள். ‘மணி என்ன?’ என்று கேட்டால் மட்டும் பதில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ வருகிறது. ஞாயிறு தமிழ் வகுப்பு நடத்தும் நான் இதை வாராவாரம் பார்க்கிறேன். காசும் நேரமும் நாள் முழுவதும் வாயில் புழங்குபவை. அவை தமிழில் இல்லையென்றால், தமிழ் நமக்கு விழாக்கால மொழியாக மட்டுமே மிஞ்சும். பெற்றோர்கள் வீட்டிலேயே கற்றுத்தரக் கூடிய சிலவற்றை இங்கே தருகிறேன்.

கடிகாரம்

5.45-ஐ இந்தியில் ‘பௌனே சே’ என்பார்கள். ஆறுக்குக் கால் குறைவு என்று பொருள். தமிழில் அது ஐந்தே முக்கால். இந்தி வரப்போகும் மணியைச் சொல்கிறது. தமிழ் கடந்த மணியைச் சொல்கிறது. ‘பௌனே’ பழகிய குழந்தை ‘ஐந்தே முக்கால்’ என்பதை 4.45 என்று எடுத்துக்கொள்ளும். ஊரிலிருந்து வரும் பாட்டி, “வண்டி அஞ்சே முக்காலுக்கு வரும்டா கண்ணா” என்றால் பேரனுக்கு ஒரு மணி நேரம் பிசகிவிடும்.

இந்தியில் ஒன்றரைக்கு ‘டேட்’, இரண்டரைக்கு ‘டாயி’ என்று தனிச்சொற்கள் உண்டு. தமிழில் ஒரே விதிதான்: ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால், இரண்டேகால், இரண்டரை, இரண்டேமுக்கால். கூடத்தில் முள் கடிகாரம் ஒன்றை மாட்டுங்கள். அதில்தான் காலும் அரையும் கண்ணுக்குத் தெரியும். ரயில் டிக்கெட்டில் 17.45 என்றிருந்தால், பன்னிரண்டைக் கழித்து ‘மாலை ஐந்தே முக்கால்’ என்று சொல்லப் பழக்குங்கள்.

நாள்

இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ‘கல்’ என்ற ஒரே சொல்தான். முந்தாநாளும் நாளை மறுநாளும் ‘பர்ஸோ’. அதனால்தான் சில குழந்தைகள் ‘நாளைக்கு வந்தேன்’ என்கிறார்கள். சிரிக்க வேண்டாம். நாள்காட்டியில் விரல் வைத்து நான்கு சொற்களையும் சொல்லச் சொல்லுங்கள்.

பணம்

ரூபாய் நோட்டே நல்ல பாடநூல். பின்புறத்தில் பதினைந்து மொழிகளில் மதிப்பு அச்சாகியிருக்கிறது. கீழிருந்து மூன்றாவது வரி தமிழ். பத்து, இருபது, ஐம்பது, நூறு, இருநூறு, ஐந்நூறு என்று குழந்தையே எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். தொண்ணூறையும் தொள்ளாயிரத்தையும் நீங்கள் சொல்லிக் கொடுங்கள். ‘ஒன்பது நூறு’ என்று தடுமாறுவது இங்கேதான்.

தாத்தா சொல்லும் ‘நாலணா’ 25 காசு, ‘எட்டணா’ 50 காசு. 1957 ஏப்ரல் வரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. 25 காசு நாணயம் 2011-இல் செல்லாமல் போனது. சொல் இன்னும் செல்கிறது.

கைப்பேசியைக் காட்டிப் பணம் கட்டும் இந்நாளில் குழந்தைகள் காசு கைமாறுவதையே பார்ப்பதில்லை. ஆகவே வாரச் சந்தைக்கு இருநூறு ரூபாய் நோட்டுடன் அழைத்துச் செல்லுங்கள். கடைக்காரர் ‘பாவ்’ என்றால் கால் கிலோ என்று சொல்லிக் கொடுங்கள். தக்காளி கிலோ நாற்பது என்றால் ஒன்றேகால் கிலோ ஐம்பது ரூபாய், ஒன்றேமுக்கால் கிலோ எழுபது ரூபாய். மீதிச் சில்லறையைக் கழித்துப் பார்ப்பதைவிட ஏறுவரிசையில் எண்ணுவது எளிது. செலவு 130 ரூபாயா? நூற்று முப்பதோடு இருபது சேர்த்தால் நூற்றைம்பது, இன்னும் ஐம்பது சேர்த்தால் இருநூறு. மீதி எழுபது.

பயிற்சி

1. தமிழில் சொல்க: 8.15, 10.30, 6.45.
2. வெண்டைக்காய் கிலோ 60 ரூபாய். இரண்டரை கிலோ என்ன விலை?
3. இன்று புதன். முந்தாநாள் என்ன கிழமை? நாளை மறுநாள்?

விடைகள்: 1. எட்டேகால், பத்தரை, ஆறே முக்கால். 2. நூற்றைம்பது ரூபாய். 3. திங்கள், வெள்ளி.

தினம் பத்து நிமிடம் போதும். குழந்தை இந்தியில் விடை சொன்னால் தவறு என்று கடிந்துகொள்ளாமல், “சரி, அதையே தமிழில் சொல்லு” என்று கேளுங்கள். இரண்டு கணக்கும் தெரிந்த பிள்ளை எந்த ஊர்ச் சந்தையிலும் ஏமாறாது.