வாசலுக்கு வரும் விதையும் உரமும்

விதைப்புக் காலம் நெருங்கியதும் மோட்டார் சைக்கிளில் பைகளைக் கட்டிக்கொண்டு சிலர் கிராமங்களுக்கு வருவதுண்டு. "கடையில் கிடைக்காத ரகம் அண்ணே, இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை" என்பார்கள். தயங்கினால், "பக்கத்துத் தோட்டத்துக்காரர் நாலு பை வாங்கிவிட்டார்" என்பார்கள். அவரை விசாரித்தால், அவரிடமும் இதே பேச்சைத்தான் பேசியிருப்பார்கள்.

இவர்களைச் சந்தேகிப்பதை மரியாதைக் குறைவாகச் சிலர் நினைக்கிறார்கள். வந்தவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பது வேறு, பணம் கொடுப்பது வேறு. பாத்திரம் மட்டமானால் அன்றே தெரியும். விதையின் குறை முளைப்பிலோ, சமயத்தில் பூக்கும் பருவத்திலோதான் தெரியும். அதற்குள் உழவுக் கூலியும் பருவமும் போய்விடும். விற்றவரையும் தேட முடியாது.

வருபவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்லர். கம்பெனி ஆட்கள் தங்கள் ரகத்தைப் பற்றி எடுத்துச் சொல்லவும் வருகிறார்கள். "இது எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று கேட்டால் அவர்கள் கடையின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் கடையில் விலை அதிகம் என்று பேச்சை மாற்றுவார்கள்.

1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை விற்க உரிமம் வேண்டும். வாங்குபவருக்கு ரசீதும் தர வேண்டும். சான்று விதைப் பையில் நீல அட்டையும், ஆதார விதைப் பையில் வெள்ளை அட்டையும் இருக்கும். அட்டையில் குவியல் எண்ணும் காலாவதி நாளும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். வாங்கிய நெல் விதையில் 100 மணிகளை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தால் 80-க்குக் குறையாமல் முளைக்க வேண்டும்.

உரத்தில் சந்தேகம் இன்னும் எளிது. மானிய உரம் உரிமம் பெற்ற கடைகளில் கருவியில் பதிவு செய்து ரசீதுடன் விற்கப்படுகிறது. ஆகவே வாசலில் ரசீதில்லாமல் வரும் டி.ஏ.பி. மூட்டையை வாங்கவே கூடாது. ஏற்கெனவே வாங்கியிருந்தால், சில குருணைகளை உள்ளங்கையில் வைத்துச் சுண்ணாம்பு சேர்த்துப் புகையிலை போலக் கசக்கிப் பார்க்கலாம். டி.ஏ.பி. என்றால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். நெடி வராவிட்டால் அது டி.ஏ.பி. அல்ல. நெடி வந்தாலும் மூட்டை முழுவதும் சுத்தம் என்று சொல்ல முடியாது. அதை உர ஆய்வகம்தான் சொல்லும்.

இப்போது தொலைபேசியிலும் இதே வியாபாரம் நடக்கிறது. மானியம் வந்திருப்பதாகச் சொல்லி ரகசிய எண்ணைக் கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ரசீதையும் காலிப் பையையும் அட்டையுடன் அறுவடை வரை பத்திரப்படுத்த வேண்டும். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. விதை முழுவதையும் விதைத்துவிட்டவர் மாதிரி எடுத்து வைக்கவில்லை என்பதற்காக வழக்கைத் தள்ளிவிட முடியாது என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது.

முளைப்புக் குறைந்தால் உடனே மறு உழவு போட்டுவிடக் கூடாது. வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, அலுவலர் வயலைப் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே ஏரை இறக்க வேண்டும்.