கருமணலும் துரைமார் திறமையும்

முட்டத்துப் பாறைகளுக்கு மேற்கே, கடியபட்டணம் தாண்டி மணவாளக்குறிச்சிக் கடற்கரையில், அலை வடிந்த இடங்களில் மணல் கறுத்துக் கிடக்கும். வலுவான காந்தத்தை வைத்தால் இல்மனைட் துகள்கள் மொய்த்துக்கொள்ளும். பிரிட்டிஷ் தொழில் சாமர்த்தியம் பற்றிய பேச்சுகளையும் இந்த மணலோடு சேர்த்துச் சலித்துப் பார்க்கலாம்.

நம்பிக்கை: கருமணலின் அருமையைக் கண்டுபிடித்தவர்கள் பிரிட்டிஷ் துரைமார்.

உண்மை: கண்டுபிடித்தவர் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர். திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909இல் அவர் அடையாளம் கண்டார். பிறகு மணவாளக்குறிச்சியிலேயே ஆலை வைத்தார். முதல் உலகப்போர் மூண்டதும், எதிரி நாட்டுக்காரர் என்பதால் தொழில் அவர் கையைவிட்டு பிரிட்டிஷார் வசம் போனது.

நம்பிக்கை: தொழிற்புரட்சி பிறந்த நாடு, வேதியியலிலும் முந்தித்தான் இருந்திருக்கும்.

உண்மை: கண்டுபிடிப்பில் குறைவில்லை, அதைத் தொழிலாக வளர்ப்பதில்தான் சறுக்கல். வில்லியம் பெர்கின் 1856இல் லண்டனில் செயற்கைச் சாயம் கண்டார். 1914இலோ பிரிட்டனுக்கு வேண்டிய சாயத்தில் பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. கேஸ் விளக்கு மேண்டிலுக்கான, மோனசைட்டிலிருந்து எடுக்கும் தோரியம் நைட்ரேட்டும் அப்படியே. ஜெர்மன் கம்பெனிகள் வேதியியலாளர்களை நூற்றுக்கணக்கில் வேலைக்கு வைத்திருந்தன. பிரிட்டிஷ் முதலாளிகள் பலருக்கு அது தண்டச்செலவாகத் தெரிந்தது.

நம்பிக்கை: ஆட்சி பலத்தைத் தவிர பிரிட்டிஷாரிடம் வேறு சரக்கு இல்லை.

உண்மை: ஆட்சி பலம் கைகொடுத்தது உண்மை. ஆனால் மூலதனம் திரட்டுவது, கப்பல், காப்பீடு, தொலைதூரச் சந்தை ஆகியவற்றில் லண்டன் கில்லாடி. மோனசைட் பிரிக்கும்போது கழிவென்று ஒதுக்கிய இல்மனைட்டுக்கு, வெள்ளைப் பெயின்டின் புண்ணியத்தில் கிராக்கி வந்தது. ஹாப்கின் அண்ட் வில்லியம்ஸ் கம்பெனி 1922இல் அதை ஏற்றுமதி செய்யத் தொடங்கியது.

நம்பிக்கை: முழுத் தொழிலையும் இங்கே நிறுவிவிட்டுப் போனார்கள்.

உண்மை: இங்கே நடந்தது மணலை அள்ளுவதும் பிரிப்பதும் ஏற்றுமதி செய்வதும்தான். லாபம் கொழிக்கும் அடுத்த கட்டம் கடல் கடந்து நடந்தது. இல்மனைட்டிலிருந்து வெண்ணிறமி தயாரிக்க, திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் 1946இல்தான் பதிவானது. தொழில்நுட்பம் தந்தது ஒரு பிரிட்டிஷ் நிறுவனம். மோனசைட்டைப் பக்குவப்படுத்தும் ஆலுவா ஆலையோ பிரெஞ்சு உதவியோடு 1952இல் திறக்கப்பட்டது. மணவாளக்குறிச்சி ஆலை 1965இல் இந்திய அரசின் இந்தியன் ரேர் எர்த்ஸ் வசமானது.