பஸ் போயிருக்க வேண்டும்

கேள்வி: எங்கள் ஊர் வீதியைத் திருத்தித் தரும்படி ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். வரிக்கு வரி 'மஸ்ட்' போட்டு அதட்டியிருக்கிறாய் என்கிறார் ரீச்சர். வேறு எதைப் போடுவது?
- ஒரு மாணவி, கரைத்தீவு, புத்தளம் மாவட்டம்

பதில்: ரீச்சர் சொன்னது சரி, தங்கச்சி. 'மஸ்ட்' கட்டளை, 'ஷுட்' நியாயம், 'குட்' யோசனை. 'யூ குட் ரிப்பேர் த ரோட் பிஃபோர் த ரெயின்ஸ்' என்றால், மாரிக்கு முன் திருத்தலாமே என்று பொருள். நம் '-லாம்' அங்கே சுலபமாகப் பொருந்திவிடும்.

சிக்கல் 'வேண்டும்' தான். புத்தளம் போக வீதியில் காத்து நின்று, 'பஸ் போயிருக்க வேண்டும்' என்கிறோம். போய்விட்டது போலிருக்கிறதே என்ற ஊகமா, போகாமல் விட்டார்களே என்ற குறையா? நமக்குக் குரலே காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் சொல்லே மாறும்: ஊகத்துக்கு 'மஸ்ட் ஹாவ் கோன்', குறைக்கு 'ஷுட் ஹாவ் கோன்'. 'வீதியைப் போன வருடமே திருத்தியிருக்க வேண்டும்' என்று குறைப்பட நினைத்து 'மஸ்ட் ஹாவ் பீன் ரிப்பேர்ட்' என்று எழுதினால், திருத்தித்தான் இருப்பார்கள் என்று நீங்களே அவர்களுக்குச் சாட்சி சொன்னதாகிவிடும்! 'ஷுட் ஹாவ் பீன் ரிப்பேர்ட்' என்று எழுதுங்கள்.

'வீதி நன்றாக இருந்தால் வசதியாக இருக்கும்' என்பதற்கு, 'இஃப்' பக்கம் இறந்தகாலம், மறுபக்கம் 'வுட்'. 'இஃப்' பக்கத்திலும் 'வுட்' போடாதீர்கள்.

ஒன்று கேட்கட்டுமா, ஏன் ஆங்கிலத்தில்? 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. ஆங்கிலம் இணைப்பு மொழிதான். பயிற்சிக்கு ஆங்கிலத்தில் எழுதுங்கள், தபாலில் தமிழிலேயே போடுங்கள். அவர்கள் பதில் தர வேண்டும். இந்த 'வேண்டும்' மட்டும் 'மஸ்ட்'.