முதலில் கேஸ் ஷீட், பிறகு வக்கீல்

"பிறந்ததும் அழல. தண்ணி குடிச்சிருச்சுன்னாங்க. என்ஐசியுல வச்சிருந்தாங்க." பெருமூளை வாதம் உள்ள குழந்தையின் தாயிடம் பிரசவத்தைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் இவற்றில் ஒன்றாவது காதில் விழும். ஆறேழு மாதமாகியும் கழுத்து நிற்காதபோது சந்தேகம் வருகிறது. நோயின் பெயரை மருத்துவர் சொல்வதற்குள் பல குழந்தைகளுக்கு ஒரு வயது தாண்டிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் 'அன்றைக்கு லேபர் வார்டில் என்ன நடந்தது?' என்ற கேள்வி எழுகிறது. அதற்குச் சட்டத்தின் வழியே பதிலும் இழப்பீடும் தேட நினைக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கான வழிமுறை இது.

கசப்பான ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெருமூளை வாதம் எல்லாமே பிரசவ நேரத் தவறால் வருவதில்லை. குறைமாதப் பிறப்பு, கர்ப்பகாலத் தொற்று, மூளை வளர்ச்சிக் கோளாறு, மரபணுக் காரணங்கள் ஆகியவற்றின் பங்கு பெரிது. பிரசவத்தின்போது மூச்சு முட்டியதால் வருவது ஒரு பகுதிதான். அதிலும் மருத்துவர் கவனித்துத் தடுத்திருக்கக்கூடியவை இன்னும் குறைவு. உங்கள் குழந்தை இதில் எந்த வகை என்பதைக் கோபமோ உறவினர்களோ சொல்ல முடியாது, அன்றைய காகிதங்கள்தான் சொல்லும்.

முதல் படி: காகிதங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அது நடந்து முடிந்த பிறகு எழுதப்படுவது. நடந்துகொண்டிருந்தபோதே எழுதப்பட்டவைதான் நமக்கு வேண்டும். தாயின் கேஸ் ஷீட் முழுவதும், பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் பார்ட்டோகிராம், குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவுசெய்த சிடிஜி தாள், வலி ஊசி (பிரசவ வலியைத் தூண்டுவது) எத்தனை மணிக்கு எந்த அளவில் ஏற்றப்பட்டது என்ற செவிலியர் குறிப்பு, சிசேரியன் முடிவான நேரம், குழந்தை எடுக்கப்பட்ட நேரம், அறுவை அரங்கக் குறிப்பு, பச்சிளங்குழந்தைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் (என்ஐசியு) கேஸ் ஷீட் ஆகிய எல்லாவற்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இதையெல்லாம் ஏன் கேட்க வேண்டும்? கருவின் இதயத்துடிப்பு இயல்பாக நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கும். அது திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருக்கும்போதும் வலி ஊசி ஓடிக்கொண்டே இருந்ததா என்பதைச் சிடிஜி தாளையும் செவிலியர் குறிப்பையும் பக்கத்தில் வைத்தால் கண்டுபிடித்துவிடலாம். பிறந்து ஐந்தாவது, பத்தாவது நிமிடத்தில் குழந்தையின் நிலையைக் குறிக்கும் ஆப்கார் மதிப்பெண், தொப்புள்கொடி ரத்தத்தின் பிஎச் அளவு (7.0-க்குக் கீழே என்றால் கடுமையான ஆக்சிஜன் குறைவின் அறிகுறி), முதல் நாட்களில் வலிப்பு வந்ததா, முதல் இரண்டு வாரத்துக்குள் எடுத்த எம்ஆர்ஐ என்ன சொல்கிறது ஆகியவை பாதிப்பு எப்போது நேர்ந்தது என்று ஊகிக்க உதவும். குழந்தையைக் குளிர்வித்துக் காக்கும் சிகிச்சையைப் பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அந்த வசதியுள்ள இடத்துக்கு எப்போது அனுப்பினார்கள் என்பதும் அதனால் முக்கியம். மஞ்சள் காமாலை முற்றி மூளையைத் தாக்கிய குழந்தையானால் பிரசவக் குறிப்பைவிட பிலிரூபின் அளவுகளும் ஒளிச்சிகிச்சைக் குறிப்பும்தான் ஆதாரம்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அதே விதி உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு வரை வைத்திருந்தால் போதும் என்கிறது. பள்ளியில் சேர்க்கும் வயதில் போய்க் கேட்டால், 'அழித்துவிட்டோம்' என்ற பதில் சட்டப்படியே வரலாம். தாய் கையெழுத்திட்ட மனுவை நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். அரசு மருத்துவமனை தராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம், பதிலுக்கு முப்பது நாள் கெடு. தாய் சேய் நல அட்டை, ஸ்கேன்கள், பில்கள், மருந்துச் சீட்டுகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். வழக்குப் போடப் போவதாக, ஆவணம் கேட்கும் கவுண்டரில் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

இரண்டாம் படி: வேறொரு மருத்துவரின் கண்

பிரசவம் பார்த்த ஊரில் இதைச் செய்வது கடினம். வேறு மாவட்டத்தில் ஒரு மகப்பேறு மருத்துவரிடமும், பச்சிளங்குழந்தை நிபுணரிடமோ குழந்தை நரம்பியல் நிபுணரிடமோ கோப்பைக் காட்டுங்கள். 'யார் மேல் தப்பு?' என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். 'பாதிப்பு எந்த நேரத்தில் நேர்ந்திருக்கும்? அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்?' என்று கேளுங்கள். நிபுணர் சாட்சியம் எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் இந்த நோயில் அது இல்லாமல் போவது, என் பார்வையில், தோற்கத் தயாராகப் போவதுதான். 'காரணம் பிரசவம் அல்ல' என்று இரண்டு மருத்துவரும் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்வதும் ஒரு நல்ல முடிவுதான்.

மூன்றாம் படி: எந்தக் கதவு

தனியார் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம். 1995-இல் இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. பணத்தை நீங்கள் கட்டாமல் காப்பீடு கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது. சிலரிடமாவது கட்டணம் வாங்கும் இடமென்றால், இலவசமாகப் பார்க்கப்பட்டவரும் உள்ளே வருவார். அதனால் உங்கள் அரசு மருத்துவமனையில் கட்டண வார்டு உண்டா என்று விசாரித்துப் பாருங்கள்.

2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் கேட்கும் தொகையல்ல, நீங்கள் கட்டிய தொகைதான் எந்த ஆணையம் என்பதை முடிவுசெய்கிறது. 50 லட்சம் வரை கட்டியவர் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். பிரசவச் செலவு அதைத் தாண்டுவது அரிது என்பதால், ஒரு கோடி இழப்பீடு கேட்டாலும் அங்கேதான். கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. மருத்துவமனை எங்கிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். குழந்தைக்காகப் பெற்றோர் மனுச் செய்யலாம். குழந்தையோடு பெற்றோரும் தங்கள் வேதனைக்குத் தனி இழப்பீடு பெறலாம் என்று 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் தீர்ப்பானது.

நுகர்வோர் சட்டத்துக்குள் வராத அரசு மருத்துவமனைக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோ சிவில் வழக்கோ போடலாம். நடந்ததைப் பற்றி இரு தரப்பும் வேறு வேறு சொன்னால் ரிட் மனுவில் நீதிமன்றம் சாட்சி விசாரிக்கத் தயங்கும். மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் மருத்துவரின் பதிவில் கை வைக்கலாம், உங்களுக்குப் பணம் வராது. போலீஸ் புகாரை முதல் வேலையாகச் செய்ய வேண்டாம். சாதாரணக் கவனக்குறைவு குற்றமாகாது, மிகக் கடுமையான அலட்சியமாக இருக்க வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு.

காலக்கெடு

நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டு. எப்போதிலிருந்து என்பதில்தான் சண்டை வரும். பாதிப்பு வெளியே தெரியாமல் இருந்தால், தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே வழக்கில், ஒன்பது ஆண்டு வலியோடு இருந்தும் மருத்துவரைத் தேடிப் போகாதவரின் மனு தள்ளுபடியானது. ஆகவே பிறந்த நாளிலிருந்தே இரண்டு ஆண்டு என்று நினைத்து வேலை செய்யுங்கள். அது கடந்துவிட்டால், நோய் உறுதியான தேதிக்கான மருத்துவச் சான்றையும் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும்.

வக்கீல்

பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் மூவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். சொந்தமாக வக்கீல் வைத்தால், 'ஜெயித்தால் பாதி எனக்கு' என்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். வழக்குத் தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன. மருத்துவமனை சமரசத்துக்குக் கூப்பிட்டு ஒரு தொகையோடு தாளை நீட்டினால், வக்கீல் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எவ்வளவு கேட்பது

இதுவரை ஆன செலவைவிட இனி ஆகப்போவதுதான் பெரிது. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, வலிப்பு மருந்து, சக்கர நாற்காலி, அறுவை சிகிச்சைகள், உதவியாள், வேலையை விட்ட தாயின் வருமானம் என்று வருடத்துக்கு எவ்வளவு என எழுதுங்கள். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-இல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யத் தவறியதால் பார்வை போன வழக்கில், தேசிய நுகர்வோர் ஆணையம் தந்தது 5 லட்சம். 2015-இல் உச்ச நீதிமன்றம் விலைவாசி ஏற்றத்தையும் கணக்கில் எடுத்து, எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1.8 கோடி தரச் சொன்னது. அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி எதிர்காலச் செலவைக் கணக்கிட்ட விதத்தால் வந்தது.

வழக்கு பல வருடம் இழுக்கும், பயிற்சி அதற்காகக் காத்திருக்கக் கூடாது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் குழந்தையை உடனே சேர்த்துவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீடும் வாங்குங்கள். மையத்தின் வருகைப் பதிவுகளும் பிறகு வழக்கில் செலவுக் கணக்குக்குச் சான்றாகும். குழந்தைக்குப் பதினெட்டு வயதானதும் பெற்றோர் தாமாகவே சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி உள்ளூர்க் குழுவுக்கு விண்ணப்பித்து நியமன ஆணை பெற வேண்டும். இழப்பீட்டுப் பணம் குழந்தை பெயரில் வைப்பில் இருந்தால், வங்கியும் அந்த ஆணையைத்தான் கேட்கும்.